‘ஹோப்’புக்கும் ‘விஷ்’ஷுக்கும் நடுவே பதினோரு நாள்

“விண்ணப்பத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், கடைசி நாளுக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.” நர்ஸ் பயிற்சிக்காக அக்கா வாங்கிவந்த அறிவிப்பின் இரண்டாம் விதி இது. இதைச் சட்டைசெய்யாத இரண்டு பேர் எங்கள் கொரட்டூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தைச் செப்பனிட்டதில், கார்பன் தாளின் எண்ணெய் நெடி பதினோரு நாள் என் விரலை விட்டுப் போகவில்லை. எட்டாவது படித்த என் கையெழுத்து அழகாக இருந்ததால் நகலெடுப்பது என் வேலை.

ஒருவர் அப்பா, தொழிற்சாலை ஸ்டோர் கீப்பர். இன்னொருவர் பக்கத்து வீட்டு தேவசகாயம் மாமா, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். தமிழிலேயே எழுதினால் என்ன என்று கேட்ட அம்மாவை, “தமிழ்ல எழுதுனா எவன் மதிப்பான்?” என்று அப்பா அடக்கிவிட்டார்.

அக்கா சர்ச் மருந்தகத்தில் இரண்டு வருஷமாக உதவி செய்வதைச் சொல்ல அப்பா ‘சின்ஸ்’ போட, தொடங்கிய தேதிக்குத்தான் ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’ என்று மாமா அடித்துத் திருத்த, அதிலேயே மூன்று நாள் போனது. அடுத்தது கடைசி வரி.

“இன்னா நைனா, சீட்டு கெடைக்கும்னு நம்புறாளா, கெடைக்காதான்னு ஏங்குறாளா? நம்புனா ‘ஹோப்’, ஏங்குனா ‘விஷ்’” என்று அப்பாவைக் கேட்டார் மாமா.

“கெடைக்கறதுக்கு முன்னாடியே இன்னா நம்பிக்கை? பணிவா ‘விஷ்’னே இருக்கட்டும்” என்றார் அப்பா.

மாமா சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன செய்ய?

“நான் ஊசி போடத்தாம்பா போறேன், இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க இல்ல. அனுப்புப்பா!” என்று அக்கா அழாத குறை.

“தப்பும் தவறுமா போனா மானம் போயிடும்மா” என்றார் மாமா.

கடைசி நாளுக்கு முந்தைய மாலை, ஒரு குற்றமும் சொல்ல முடியாத ஒரு பக்கம் தபாலில் போனது. அனுப்பிய நாள் அல்ல, சேர்ந்த நாளே கணக்கு என்று ஒரு தலைமை எழுத்தருக்குத் தெரியாதா?

பிறகு நானும் அரசு வேலைக்குப் போய், காலம் கடந்த விண்ணப்பங்கள் எத்தனையோ திருப்பியிருக்கிறேன்; இலக்கணப் பிழைக்காக ஒன்றைக்கூடத் திருப்பியதில்லை, அப்படி விதியும் கிடையாது. இன்று மாமா வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. கார்பன் தாள் கேட்டால் ஸ்டேஷன் கடைப் பையன், “அது இன்னா சார்?” என்கிறான். ‘சின்ஸ்’ஸைக் கைப்பேசியே திருத்திவிடுகிறது.

காலதாமதத்தால் பரிசீலிக்க இயலவில்லை என்று வந்த இரண்டு வரி மறுமொழியை, பிழையில்லாத ஆங்கிலம் என்று மாமா மெச்சிக்கொண்டிருந்தபோது, அக்கா அம்பத்தூர் எஸ்டேட் மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பயிற்சி வகுப்பு தொடங்கியது ஜூலையில். மறுமொழி வந்தது செப்டம்பர் மூன்றாம் தேதி.