இரண்டு நாய்க்கு ஒரே நாடா

எனக்கு நாய் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிக் கள்ளிக்குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து என் கணவருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் பாதி நாயால் வந்தவைதான். அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வயலை விற்று அது வீட்டுமனை ஆன பிறகு ஆவடியில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். வயல் போயும், வயல் காவலுக்கு நாய் வளர்த்த பழக்கம் போகவில்லை. எப்போதும் வாசலில் ஒன்று கிடக்கும். பெருக்கும்போது எழுந்து போகாது. துடைப்பத்தால் தள்ளினால், போனால் போகிறதென்று கொஞ்சம் நகர்ந்து படுக்கும்.

தெருவில் கேபிள் டி.வி.க்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது எங்களிடம் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று வயதான செவலை நாட்டு நாய். அதைப் பெரிசு என்போம். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன கறுப்பு நாய். அது சின்னது. பெரிசு சோற்றுக்குக்கூட யோசித்து யோசித்துத்தான் எழுந்திருக்கும். சின்னதுக்குக் காலில் சக்கரம்.

அந்த வருடம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் தைலம் தேய்த்ததில் கால் மட்டும் பாதி திரும்பியது. கை திரும்பவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் நடந்தால்தான் இந்தக் கால் மிஞ்சும் என்றார். நடப்பதை விட்டால் முட்டி மடங்கி அப்படியே இறுகிவிடும், பிறகு யாராலும் நீட்ட முடியாது என்றும் சொன்னார். டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கே கடைக்குப் போனேன்.

கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். அவர் தொடவில்லை. இருப்பது ஒரு கை, அதில் தடியைப் பிடித்தால் நாயை எதில் பிடிப்பது என்றார். நாயைப் பிடிக்காவிட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்டேன். பேச்சுதான் குழறியதே தவிர, பிடிவாதம் கொஞ்சமும் குழறவில்லை. பழைய கட்டிலிலிருந்து பிரித்து வைத்திருந்த நாடாவை எடுத்து வரச் சொன்னார். அதன் ஒரு முனையில் ஒரு நாயின் கழுத்துப்பட்டையையும் மறுமுனையில் இன்னொன்றின் பட்டையையும் தைக்க வேண்டும். நடுவில் ஓர் இரும்பு வளையம். நாடா வளையத்துக்குள் வழுக்கி ஓடும், வளையம் அவர் கையில் இருக்கும். திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. சின்னது முன்னால் பாய்ந்தது. உடனே நாடா வளையத்துக்குள் ஓடிப் பின்னால் நின்ற பெரிசின் கழுத்தை இழுத்தது. பெரிசு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, என்ன அவசரம் என்பதுபோல் நின்றது. பிறகு வேண்டாவெறுப்பாக ஓர் அடி வைத்தது. அவரும் ஓர் அடி வைத்தார். அது இழுக்க, இது நிறுத்த, இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை உண்டாயிற்று. பாதிக் கால் போன மனுஷனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது அந்த நடை. சின்னது இல்லாவிட்டால் அவர் கிளம்பியே இருக்கமாட்டார். பெரிசு இல்லாவிட்டால் நாலு அடியில் விழுந்திருப்பார். வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.

அதன்பிறகு தினமும் காலையில் வாய்க்கால் மேலிருந்த சின்னப் பாலம் வரைக்கும் போய் வருவார். பின்னால் வராதே என்று என்னை நிறுத்திவிட்டார். டீக்கடைப் பக்கம் போகும்போது கிண்டல் செய்வார்களாம். ஒருநாள் என் காதிலேயே விழுந்தது.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு மாடும் கீது, வண்டி எங்க?"

"நான்தான்டா வண்டி" என்றார், கோணிய வாயோடு சிரித்துக்கொண்டு. பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மழைக்காலம் கழிந்ததும் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்தார். நானும் நம்பினேன்.

மழைக்கு முன்பே பெரிசு தளர்ந்துவிட்டது. நடக்கும்போது நடுரோட்டில் உட்கார்ந்துகொள்ளும். அவரும் வளையத்தைப் பிடித்தபடி நிற்பார். சைக்கிள்காரர்கள் மணியடித்து விலகிப் போவார்கள். எழுந்திரு என்று ஒரு வார்த்தை அதட்டமாட்டார். அது எழுந்தால் நடை, எழாவிட்டால் அந்த இடத்திலிருந்தே வீடு. பாலம் வரைக்கும் போனது போய், மாவு மில் வரைக்கும் என்று குறைந்தது.

நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவள் நான். நானே பெரிசைத் தூக்கி வைத்துக் குளிப்பாட்டினேன். ஈரல் வாங்கிக் குழைய வேகவைத்துக் கையால் ஊட்டினேன். எங்கள் வீட்டில் எனக்குக்கூட அந்த உபசாரம் நடந்ததில்லை. ஓர் ஆட்டோக்காரரைக் கெஞ்சிச் சம்மதிக்கவைத்து, மடியில் சாக்கு விரித்துப் பெரிசைப் படுக்கவைத்துக்கொண்டு, பூந்தமல்லியில் இருந்த மாட்டு டாக்டரிடம் போனேன். வயதாகிவிட்டது, சிறுநீரகம் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். இன்னும் எவ்வளவு நாள் நடக்கும் என்று கேட்டேன். எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள் போலிருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு விடியற்காலையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அது செத்துக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் காலி மனையில் குழி தோண்டிப் புதைத்தார். என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளேயே நின்றார். நான் அழுதேன். நாய்க்காகவா என்றால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே சின்னதை மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பினார். சொன்னால் கேட்கிற ஆளா? தெருமுனை தாண்டவில்லை. டீக்கடைக்காரர்கள் அவரை இரண்டு பக்கமும் தாங்கி அழைத்துவந்தார்கள். முழங்கையில் தோல் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. அப்போதும் வளையத்தை விடவில்லை.

நான் ஒரு கிழட்டு நாயைத் தேட ஆரம்பித்தேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் இடத்தில் கேட்டேன், ரேஷன் கடை வரிசையில் கேட்டேன். குட்டி தருகிறேன் என்றவர்கள் எத்தனையோ பேர். வயசான நாய்தான் வேண்டும், மெதுவாக நடக்க வேண்டும் என்றால் சிரிப்பார்கள். கஷ்டத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்கே வந்து சேர்ந்தது. காட்டுப்பாக்கத்தில் என் நாத்தனார் வீட்டில் ஒரு கிழ நாய் இருப்பது நினைவு வந்து, பஸ் மாறிப் போனேன். கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்ததும் அது கேட்டை ஒட்டிப் படுத்துக்கொண்டு ஊளையிட்டது. அது இந்த வீட்டை விட்டு எங்கும் வராது அண்ணி என்றாள் நாத்தனார். நானே கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஐயப்பன்தாங்கலில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. கிழட்டு நாய் கிடைக்கவில்லை என்று பஸ் ஸ்டாப்பில் நின்று அழுத பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை சின்னதை நாடாவின் ஒரு முனையில் கட்டினேன். மறுமுனையில் பெரிசின் காலிப் பட்டை தொங்கியது. அதை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, வளையத்தை அவரிடம் நீட்டினேன். சின்னது இழுக்கட்டும், நான் பின்னால் இழுத்துப் பிடிக்கிறேன், பெரிசு செய்த வேலைதானே, என்னால் முடியாதா என்றேன். நிஜமாகவே முடியும் என்று நினைத்தேன்.

அவர் வளையத்தை வாங்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"நாயிங்களோட போனா, நான் அதுங்கள இட்டுகினு போறேன். நீ வந்தா, நீ என்னை இட்டுகினு போற."

பட்டையைக் கழற்றினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பயமுறுத்தியும் பார்த்தேன். நடந்தது போதும் என்று சொல்லிவிட்டார்.

சின்னதை வெளியே கொண்டுபோயாக வேண்டுமே. நான் பிடித்துக்கொண்டு போனேன். அது இழுத்த இழுப்புக்கு ஓட்டமும் நடையுமாக ஈடுகொடுத்தேன். மாவு மில், பாலம் எல்லாம் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்ததும் அவர் கட்டிலில் இருந்தபடியே எதுவரைக்கும் போனீர்கள் என்று கேட்டார். பாலம் வரைக்கும்தான் என்றேன்.

சின்னது அவரிடம் ஓடி, இரண்டு முன்னங்கால்களையும் அவர் மடியில் வைத்தது. வேட்டியெல்லாம் ஏரிச் சேறு. அவர் அந்தச் சேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது கையால் நாயின் தலையைத் தடவிவிட்டு, அதன் காலைக் கழுவிவிடு என்றார்.

மறுநாள் எதுவரைக்கும் என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.