ஆம்பளை ஆகாது

எனக்குக் கருவாடு ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். அதனால், என் அத்தைக்கு ஆம்பளை என்றாலே ஆகாது என்று ஊரில் பேசிக்கொண்டபோது, அதுவும் அந்த மாதிரிச் சங்கதிதான் என்று நினைத்துவிட்டேன். ஏழெட்டு வயசுக்காரிக்கு வேறென்ன தெரியும்?

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு மத்தியானம் தனியாக வந்து நின்றாள். இனிமேல் அங்கிட்டுப் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. அவள் மாமியார்தான் சந்தையில் அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டாள். மகனைக் காப்பாற்ற அவளுக்கு அது வாகாக இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அத்தைக்கு அதுவே பட்டப்பேராகிவிட்டது.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கிணற்றடியில் அத்தை குளிக்கும்போது முதுகு வரிவரியாகத் தடித்திருந்ததைப் பார்த்திருந்தேன். அப்பா அவள் பக்கத்தில் போனால்கூடக் குறுக்கே போய் நிற்பேன்.

ஆடி கழிந்ததும் மாமா தன் தாயோடு அழைத்துப்போக வந்தார். அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று அப்பாதான் சொல்ல வேண்டும்.

“எங்க வீட்டுல என்னங்க கொறை? ஒங்க தங்கச்சிக்கு ஆம்பளைன்னாலே ஆகாது. அதுக்கு என் மகன் என்ன பண்ணுவான்?” என்றாள் மாமியார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“அனுப்பாதீங்கப்பா! மாமா பக்கத்துல போனா அத்தைக்குத் தடிச்சுப்போயிருது. முதுகெல்லாம் நான் பாத்தேன்!”

மாமியார் கொல்லென்று சிரித்தாள். “பாத்தீங்களா, சின்னப்புள்ளைக்கே தெரிஞ்சிருக்கு!” அம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பாவும் பேருக்குச் சிரித்து வைத்தார். மாமா மட்டும் சிரிக்காமல் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டார்.

அத்தை உள்ளே சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தடித்தால் அம்மா கொடுக்கிற மருந்தையே, மிளகும் வெற்றிலையுமாக, அவள் கையில் வைத்தேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒங்க அப்பா ஆகும்டி. ஒன் தம்பி ஆகும். ஒருத்தருதான் ஆகல.”

அந்த ஒருத்தரோடுதான் அனுப்பிவைத்தார்கள், படுபாவிகள்! நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பஸ் கிளம்பியபோது, “மறக்காம மென்னு முழுங்கிருங்க அத்தை!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மிளகுக்கு அடங்குகிற தடிப்பு இல்லை அது என்று எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குமா தெரியாது?