பழையபடி கெடுத்துக் கொடுங்கள்

இது நடந்தது. விற்கிறவன் சத்தியம் செய்தால் தராசை ஒருமுறை தட்டிப் பார் என்பார்கள். நீங்களும் தட்டிப் பாருங்கள். நேரம் சொல்கிறேன், கிழமை சொல்கிறேன், கடையின் நீள அகலம்கூடச் சொல்கிறேன். கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. சொல்ல மனம் வராமல் குறைத்தது வேண்டுமானால் இருக்கும்.

தொடுதிரை போன்கள் புதிதாக வந்து, ஊரே விரலால் தேய்க்கப் பழகிக்கொண்டிருந்த காலம். மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடியில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரரின் சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்கே யோசித்தால்தான் வரும். எல்லாருக்கும் அவர் ரீசெட் அண்ணன். போன் அப்படியே உறைந்து நிற்கிறதா? ரீசெட். மெமரி நிரம்பிவிட்டதா? ரீசெட். சூடாகிறதா, படம் ஓடவில்லையா, விளம்பரமாக வந்து குதிக்கிறதா? அதற்கும் அதே மருந்து.

"மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சா, போகாத வியாதியே கிடையாது" என்பார்.

ஒருமுறை ஒரு வாத்தியார், சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஐந்து ஆப் போட்டுக்கொண்டு, காலையில் ஏற்றிய சார்ஜ் பத்து மணிக்கே காலி என்று வந்து நின்றார். "காவலுக்கு அஞ்சு நாய் வெச்சீங்க சார். அஞ்சும் சேர்ந்து அடுப்படியத் தின்னுடுச்சு" என்றார் ரீசெட் அண்ணன். அப்படிப்பட்ட வாய். எதற்கும் பயப்படாத வாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்குத் தையல்காரம்மா வந்தார். இரண்டு தெரு தள்ளி வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருப்பவர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை போனை எடுத்தார். தையலில் மிஞ்சிய வெட்டுத் துணியில் பத்திரமாகச் சுற்றியிருந்தது.

"எம்பொண்ணு போன் தம்பி. பேசிட்டு இருக்கும்போதே இருட்டிப் போயிடுது."

"காதுல வெச்சா இருட்டத்தான் செய்யும்க்கா. கன்னம் பட்டு லைன் கட் ஆகக் கூடாதுல்ல. மேல பாருங்க, கறுப்பா ஒரு பொட்டு. அது கண்ணு மாதிரி. முகம் கிட்ட வந்ததும் திரைய அணைச்சிடும்."

"காதுல வெச்சா பரவாயில்லையே. தலகாணி மேல சும்மா கிடக்கும்போதே இருட்டுது."

"அப்ப கண்ணுல தூசி. பொண்ண வரச் சொல்லுங்க, லாக் எடுக்கணும்."

"லாக்கெல்லாம் இல்ல. அவ வர மாட்டா."

"கோவமா?"

"சண்டை போட்டுத் தனியா ரூம் எடுத்துப் போயிட்டா. ஆறு மாசம் ஒரு வார்த்தை பேசல. தினம் ஆறு நாப்பதுக்கு நான் போன் பண்ணுவேன். எடுப்பா. 'ம்' கூடச் சொல்ல மாட்டா. நான் பேசறதக் கேட்டுக்கிட்டே இருப்பா. நானா வைக்கிற வரைக்கும் வைக்க மாட்டா."

"கேக்கறாளே, அது போதாதா? எங்க வீட்ல நான் வாயத் தொறந்தாலே எழுந்து போயிடறாங்க."

தையல்காரம்மா சிரிக்கவில்லை.

"திரை இருட்டினதும், லைன் போச்சோன்னு நான் வெச்சிடறேன் தம்பி. சொல்ல வந்தது பாதியிலேயே நின்னுடுது. ஒண்ணே ஒண்ணு அவகிட்ட சொல்லியாகணும். அதுக்குத்தான் சரி பண்ணிக் குடுங்கன்றேன்."

பெண் எடுத்துக் காதில் வைக்கிற போன், தலையணை மேல் எப்படிக் கிடக்கும்? அது இந்த அம்மாவின் கைப்பைக்கு எப்படி வந்தது? ரீசெட் அண்ணன் கேட்டிருக்க வேண்டும். கடையில் அப்போது இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கேட்கவில்லை.

அவர்களை அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினார். திரை தானாக அணையும் நேரத்தை முதலில் பார்த்தார். அதை நீட்டி வைத்தார். கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். தன் போனிலிருந்து அழைத்து, எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரை பளிச்சென்று எரிந்தது.

"ஒண்ணும் இல்லையேக்கா."

"நான் பேசினாத்தான் இருட்டும்."

"அப்ப படிக்கட்டுகிட்ட நின்னு நீங்களே பேசுங்க."

தையல்காரம்மா தன் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மணி ஆறு நாற்பத்தொன்று. மேஜைமேல் இருந்த போன் அடித்தது. ரீசெட் அண்ணன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான்தான்..." என்றது ஸ்பீக்கர். "சாப்பிட்டியா? நம்ம வீட்ல உன் ரூம் ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டிருக்கேன். இனிமே காத்துல அடிச்சுக்காது. நீ தூங்கலாம்..."

சோதனைக்குப் பேசச் சொன்னால் இப்படியா பேசுவார்கள்? கோபக்காரப் பெண்ணிடம் பேச ஒத்திகை பார்க்கிறார் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு நாற்பத்திரண்டு.

ஸ்பீக்கர் குறி அணைந்தது.

அவர் தொடவில்லை. அடுத்தவர் காதில் விழ வேண்டாம் என்று யாரோ அணைத்ததுபோல் அணைந்தது. தையல்காரம்மாவின் குரல் எறும்பு அளவுக்குச் சுருங்கியது. அடுத்த நொடி... திரை இருட்டியது.

மேலே கையை வீசிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. போனைத் தள்ளி வைத்தார். இருட்டு. விளக்கைத் திருப்பினார். இருட்டு. பக்கத்துப் பட்டனை அழுத்தினார். எரிந்தது... உடனே அணைந்தது.

"தம்பி, இருட்டிடுச்சா?" வெளியிலிருந்து குரல் வந்தது. ஆமாம் என்றார் இவர். "அப்ப நான் வெச்சிடறேன்."

வைத்தார். திரை எரிந்தது.

கண்ணாடியின் மேல் பாகத்தில் ஒரு கறை. வளைந்த, எண்ணெய்ப் பசையான கறை. ரிப்பேர்க்காரர்களுக்கு அது பழக்கமான கறைதான். நாளெல்லாம் பேசுகிறவர்களின் போனில் காது அழுத்திய தடம். அதன் கீழ் நுனியில் சின்னதாக ஒரு வட்டம். தோடு பட்ட இடம்.

இப்போதுதானே துடைத்தோம்...

சரியாகத் துடைக்கவில்லை போல, என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இரண்டு முறை துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சுத்தம்.

"இன்னொரு தடவை பேசுங்கக்கா."

ஆறு நாற்பத்தேழு. குரல் வந்தது. ஸ்பீக்கர் அணைந்தது. திரை இருட்டியது. இந்த முறை என்னதான் கேட்கிறது என்று அவர் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

"...அன்னிக்கு சாயங்காலம் நான்..." என்றது மெல்லிய குரல். அங்கேயே தடுமாறியது.

அப்போது இன்னொரு சத்தம்.

ஒரு மூச்சு. நிறைய அழுதவர்கள் மூக்கை உறிஞ்சி இழுக்கிற மூச்சு.

போனிலிருந்து இல்லை.

போனுக்கும் அவர் காதுக்கும் நடுவில் இருந்து.

நிமிர்ந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது. கடையில் யாரும் இல்லை. வெளியே பேச்சு நின்றது. திரை எரிந்தது.

அதே காது. அதே தோடு.

பக்கத்தில்... ஒரு சொட்டு ஈரம்.

தையல்காரம்மா உள்ளே வந்தபோது ரீசெட் அண்ணன் போனைத் துணியால் மூடிவிட்டிருந்தார். அவருடைய வாய்க்கு அன்றைக்கு வேலை இல்லை.

"நாளைக்கு வாங்கக்கா. உள்ள ஏதாச்சும் வேணுமா? அழிஞ்சிடும்."

"போட்டோவெல்லாம் மூத்த பையன் எடுத்து வெச்சிட்டான். நல்லா சரி பண்ணிடுங்க தம்பி."

ஏழு பதினைந்துக்குத் தனியாக உட்கார்ந்து அவர் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தார். உண்மையைச் சொன்னால், போனுக்காகச் செய்யவில்லை. பயத்தில் செய்தார். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்ற இடத்தில் தொட்டார். ஏற்கவில்லை. மறுபடி தொட்டார். ஏற்கவில்லை. மூன்று... நான்கு... டச் கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டார். ஐந்தாவது முறை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார்.

ஏற்றது.

கோடு மெதுவாக நிறைந்தது. போன் அணைந்து, எழுந்து, பிறந்த பிள்ளைபோல் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அணையும் நேரத்தை முன்போலவே நீட்டி வைத்தார். அழைத்துப் பார்த்தார். பத்து நிமிடம் மேஜைமேல் கிடந்தது. இருட்டவில்லை. கண்ணாடியில் கறை இல்லை.

"சரியாயிடுச்சு" என்றார், யாரும் இல்லாத கடையில், சத்தமாக.

புதன்கிழமை காலை தையல்காரம்மா வந்து வாங்கிப்போனார். ஒரு பொத்தானுக்குக்கூட இரண்டு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுகிறவர், கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டுப் போனார். நமக்கு நல்ல நேரம் என்று நினைத்தார் ரீசெட் அண்ணன்.

வியாழக்கிழமை ஒன்பது ஐந்து. அவர் ஷட்டரைத் தூக்க வந்தபோது தையல்காரம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியாது. நாடா கழுத்தில் இல்லை. வெள்ளை போன் மடியில் இருந்தது.

"இதப் பழையபடி கெடுத்துக் குடுங்க தம்பி."

"என்னக்கா?"

"நேத்து ஆறு நாப்பதுக்குப் போட்டேன். நானே எடுத்து, அவ தலகாணி மேல வெச்சிட்டு, முன்னறைக்கு வந்து, கதவு வழியா அதப் பாத்துக்கிட்டே பேசினேன். இருட்டவே இல்ல. அது பாட்டுக்கு பளபளன்னு எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது."

"பொண்ணு..."

"போயிப் பதினோரு மாசம் ஆச்சு."

ரீசெட் அண்ணன் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அதே படியில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் வாசலுக்கு வந்தா தம்பி. சரியா ஆறு நாப்பது. கதவத் தட்டி, 'அம்மா, தொறம்மா'ன்னா. எனக்கு வீம்பு. இப்பதான் வழி தெரிஞ்சுதான்னு மிஷின வேகமா ஓட்டினேன். சத்தத்துல கேக்கலன்னு அவ நெனச்சுக்கட்டும்னு. பத்து நிமிஷம் நின்னுட்டுத் திரும்பிப் போனா. மெயின் ரோடு திருப்பத்துல லாரி. பையிலிருந்த போனுக்கு ஒரு கீறல் இல்ல."

மடியிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு மாசம் கேட்டுக்கிட்டே இருந்தவ, செத்தா மட்டும் கேக்காமலா போயிடுவான்னு தினம் போட்டேன். கேட்டிருக்கா தம்பி. காதுல வெச்சுத்தான் கேட்டிருக்கா. ரிப்பேருன்னு நெனச்சு, நான்தான் தினமும் லைனக் கட் பண்ணியிருக்கேன்."

"சொல்லணும்னு சொன்னீங்களே, அது..."

"மிஷின் ஓடினாலும் உன் குரல் எனக்குக் கேட்டுச்சுடின்னு. அவ்வளவுதான். இத்தனை நாளா வாயில வரல. நேத்துதான் வந்துச்சு. சொன்னேன். வெறும் வெளிச்சத்துகிட்ட சொன்னேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ரீசெட் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கெடுக்க முடியுமா?"

"அந்தக் கண்ண மாத்திப் பாக்கறேன்க்கா. பார்ட் வரவழைக்கணும். போன் இருக்கட்டும்."

அந்த அம்மா தலை மறைந்ததும், உதிரி பாகம் விற்கிற மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். மாடலைச் சொன்னார்.

"எது? அண்ணே, காலையிலேயே விளையாடறீங்களா? அதுல அந்தக் கண்ணே கிடையாது."

"கறுப்பாப் பொட்டு இருக்கே."

"பொட்டுதான் இருக்கு. விலை குறைக்கறதுக்காக உள்ள ஒண்ணும் வைக்கல. வெளிய பாக்கறவனுக்கு இருக்கிற மாதிரி தெரியட்டும்னு விட்டிருக்கான்."

"பேசும்போது இருட்டாதா?"

"எப்படிண்ணே இருட்டும்? கன்னம் பட்டு லைன் கட் ஆகுதுன்னு அதுக்கு ஊர்ப்பட்ட கம்ப்ளெயின்ட். அது பேச்சு நடுவுல இருட்டினதா சரித்திரமே கிடையாது."

ரீசெட் அண்ணன் போனைத் திருப்பி ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினார். கறுப்புப் பொட்டுக்கு நேர் பின்னால் பார்த்தார். ஒரு துண்டு கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உரித்தார். பின்னால் வெறும் பிளாஸ்டிக். எதையும் எப்போதும் பொருத்தியிருந்த அடையாளமே இல்லை.

போனை மூடி, துடைக்காமல், பார்ட் வந்ததும் சொல்கிறேன் என்று தையல்காரம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அந்த அம்மா வருகிறார். கடைக்கு உள்ளே ஏறுவதில்லை. படிக்கட்டருகே நின்று கேட்பார்.

"பார்ட் வந்துடுச்சா தம்பி?"

வாழ்நாளில் ஆயிரம் பொய் சொல்லிச் சரக்கு விற்றவர் ரீசெட் அண்ணன். இந்த ஒரு பொய்க்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"இன்னும் வரலக்கா."

"சரி. மெதுவா வரட்டும்" என்பார் தையல்காரம்மா, துணியில் சுற்றிய போனைப் பைக்குள் வைத்தபடி. "அவளுக்குக் கோவம் ஆற எப்பவுமே நாளாகும்."