கபூர் பாய் கடை சுயிங்கம் மெஷின்

காசு போட்டால் சுயிங்கம் தரும் பழைய மெஷின்களைச் சேர்ப்பவள் நான். பன்னிரண்டாவது மெஷின் நேற்று வந்திறங்கியது. பழைய நாலணா ஒன்றைப் போட்டுப் பிடியைத் திருகினேன். ‘கடக்’ என்றது. அவ்வளவுதான், எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. தருமபுரியில் எங்கள் தெருமுனை மளிகைக்கடைக் கபூர் பாய், பெங்களூர் ஏலத்தில் இப்படி ஒன்றை எடுத்து வந்தார். கண்ணாடிக்குள் சிவப்பும் மஞ்சளுமாக உருண்டைகள். தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஒரே வாரத்தில் சுயிங்கம் தீர்ந்தது. பாய் அசரவில்லை, அதே அளவில் கமர்கட்டு உருட்டச் சொல்லி நிரப்பிவிட்டார்.

சித்திரை வெயில். மாரியம்மன் பண்டிகைக்கு மாமா கொடுத்த நாலணாவைப் போட்டேன். பிடி பாதியில் நின்றது. உருண்டையும் வரவில்லை, காசும் வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

“அழுவாத பாப்பா, உன் காசு எங்கயும் போவல” என்று பாய் மூடியைக் கழற்றி, மெஷினைக் கவிழ்த்துத் தட்டினார். வெல்லம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிய அத்தனை கமர்கட்டும், என் தலையளவு ஒரே கட்டியாகத் தொப்பென்று விழுந்தது.

பாய் கட்டியைத் தூக்கி என்னிடம் நீட்டினார். “மெஷினே குடுத்துருச்சு. மொத்தமும் உனக்குத்தான், எடுத்துக்கோ” என்றார்.

பாவாடையில் ஏந்திக்கொண்டு ஓடினேன். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் ஓடிவந்தார்கள்.

“நல்லாத்தான் வேல செய்யுதும்மா” என்று பக்கத்தில் நின்ற என் மகன் சொன்னபோதுதான் கவனித்தேன், மெஷினுக்குக் கீழே முந்தானையை விரித்துப் பிடித்திருந்தேன். அதில் ஒரே ஒரு சுயிங்கம் கிடந்தது.