நுளம்புவலைக்குள் லூபஸ்

எங்கள் தொழிலில் கதை முழுவதும் மருந்து கொடுக்கிற யன்னலுக்கு வெளியே நிற்பவர்களுடையது. உள்ளே நிற்கிற எங்களுக்கு "காலமை ஒண்டு, இரவு ஒண்டு" என்பதற்கு மேல் பேச நேரமிருக்காது. துணுக்காய்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கிறவள் நான். கிளினிக் வரிசையில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு என்னைப் பிடிக்காது, தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

மலேரியாக் குளிசை

சுமதி நெல் விதைக்கிற வீட்டு மருமகள். கன்னம் இரண்டும் சிவந்து, மூட்டெல்லாம் நொந்து, களைத்து அலைந்தவளுக்கு லூபஸ் என்று வவுனியாவில் கண்டுபிடித்தார்கள். அவளுடைய கவலை ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை பெறலாமா?

நான் நீட்டிய குளிசையின் பெயரைக் கேட்ட மாமியார், "இது மலேரியாவுக்குப் போடுறதெல்லோ?" என்றார். ஒரு காலத்தில் காய்ச்சலில் கிடந்து எழும்பிய வன்னி ஆட்கள் அதை மறப்பார்களா? "ஓம், அந்த வகைதான். ஆனால் இவவுக்கு வேற வருத்தம், மலேரியா இல்லை" என்றேன். முதல் பாதி மட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிளினிக்கில் சுமதி முறையிட்டாள், மலேரியா பரப்பும் நுளம்புக்குப் பயந்து பட்டப்பகலிலும் நுளம்புவலைக்குள் இருத்துகிறார்களாம். "நுளம்பிட்ட இருந்து என்னைக் காப்பாத்துகினமோ, என்னட்ட இருந்து நுளம்பைக் காப்பாத்துகினமோ தெரியேல்லை, அக்கா."

கடிக்கிற காவல்

டொக்டர் மாமியாரையும் இருத்தி விளக்கினார். கிருமியை விரட்ட உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. இந்த நோயில் அது சொந்த உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்குகிறது. தோலை, மூட்டை, சிலருக்குச் சிறுநீரகத்தையும். தொற்றாது. முற்றாகச் சுகமாகாது, அடக்கி வைக்கலாம். நோய் நீண்ட காலம் அடங்கியிருந்தால் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம்.

எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு இதில் பிரமிப்புத் தீராது. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். சுமதிதான் பேசினாள்: "வீட்டுக்காரரைக் கடிக்குது எண்டு நாயைக் கொல்லேலாதே, டொக்டர். பிறகு கள்ளன் வந்தால் ஆர் குலைக்கிறது? கட்டி வைச்சுத்தான் வளர்க்கவேணும்."

வரம்பில் குடை

வெயில் பட்டால் நோய் கிளம்புமாம், படக்கூடாதாம். வன்னியில் நெல் செய்கிறவளுக்கு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளோ புருஷனின் நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, விடியலில் களை பிடுங்கி, வெயில் ஏற முன் வரம்பில் குடை பிடித்து நின்றாள். மருந்தெடுக்க வந்த புருஷன் சொன்னார்: "நிழலில நிண்டு என்னை வேலை வாங்கிறா. விளைச்சல் கூடித்தான் போச்சு."

நிறுத்தாத குளிசை

நோய் அடங்கி, டொக்டர் சம்மதித்து, சுமதி கர்ப்பமானாள். இப்போது ஊரே "குளிசையை நிப்பாட்டு" என்றது. நிறுத்தினால்தான் நோய் கிளம்பும், இது பிள்ளைக்கும் பாதுகாப்பு என்றார் டொக்டர். அவள் நாள் தவறாமல் விழுங்கினாள். அந்த மாதங்களில் அவள் முகத்தை யன்னலில் காணும்வரை எனக்கு வேலை ஓடாது.

மகன் கொஞ்சம் முந்தித்தான் பிறந்தான், ஆனால் நல்ல சுகம். கையில் அவனோடு வரிசையில் வந்து நின்றாள். நான் குளிசை எண்ணுவதை விட்டு அவனையே பார்த்தேன். அவளும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ர உடம்புக்கு என்னையே ஆரெண்டு தெரியாது, அக்கா. இவனை மட்டும் எப்பிடித் தெரிஞ்சு வளர்த்தது?"

இத்தனை வருடம் யன்னலுக்கு உள்ளே நின்றும் இந்த நோய் எனக்குப் பாதிதான் விளங்கியிருக்கிறது. மீதிப் பாதி மாதா மாதம் வந்து, என்னிடமே மருந்து வாங்கிக்கொண்டு போகிறது.