சிலிபின் வீட்டு அத்தான்

போன மாதம் ஒரு நண்பரைப் பார்க்க ஈப்போ போயிருந்தேன். மருத்துவமனை லிப்டில் எனக்கு முன்னால் நின்ற சீனக் கிழவர் நெற்றியில் பச்சைத் தைலம் தடவியிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இறங்க வேண்டிய மாடியைக் கோட்டைவிட்டேன். எனக்கு அந்த வாசனை என்றால் அத்தானின் வலது கைதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். ரப்பர் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்த என்னை ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருந்த தம் வீட்டில் சேர்த்துக்கொண்டவர். என் கல்யாணம் வரை அங்கேதான் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கோழி வாங்கி, அவரே சமைத்து, என் தட்டை எட்டிப் பார்ப்பார். "என்ன மச்சான், கொறிச்சிக்கிட்டு இருக்க? நல்லா போட்டுச் சாப்பிடுலா." அது நான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்ட நேரமாக இருக்கும்.

அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ரப்பர் தோட்டங்களைச் சுற்றி, வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிவருவார். சில நாள் நானும் தொற்றிக்கொள்வேன். லயத்து வீடுகளிலிருந்து யாராவது கொண்டையை முடிந்தபடி ஓடிவந்தால், "மெல்ல வாம்மா, விழுந்து வைக்காத. ஒன்னைய விட்டுட்டு எங்க போவப் போறேன்?" என்று கத்துவார். எல்லாரும் ஏறியதும், தமக்குத் தாமே "போலாம்" என்பார். வண்டி கிளம்பும்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது, அவர் வாயில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் போலாம், கோபம் வந்தாலும் போலாம். நாம் பேசுவது எல்லாம் புரிந்தது; பதில்தான் வரவில்லை. தொனியை வைத்துப் புரிந்துகொள்ளப் பழகினோம். நான் அதில் மந்தம். தண்ணீர் கேட்டவருக்கு மின்விசிறியைப் போட்டுவிடுவேன். சிரித்துவிடுவார்.

வருடங்கள் அப்படியே ஓடின. ஒரே மகள் தேவிதான் தினமும் அந்தக் கைக்குத் தைலம் தேய்ப்பாள். தாதியாகப் படித்து முடித்தவளுக்குத் தெற்கே தூரத்து ஜொகூரில் நல்ல வேலை கிடைத்தது. ஒருநாள் நானும் பக்கத்தில் இருக்கும்போது, கையை நீவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் ஜொகூருக்குப் போவவாப்பா?"

"போலாம்."

தேவி அழுதுவிட்டாள். "பாருங்க மாமா. அப்பா சரின்னு சொல்றாரா, சும்மா வாயில வந்துச்சான்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். மகளை அனுப்ப அவளுக்குத் துளியும் மனமில்லை. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்து, கேள்வியைத் திருப்பிப் போட்டாள்.

"இங்க பாருங்க. புள்ள இங்கயே நம்மகூட இருக்கட்டுமா?"

அத்தான் இல்லையென்று தலையாட்டினார். மறுபடியும் ஆட்டினார், முன்னைவிட வேகமாக.

"சரிங்க, சரிங்க. அனுப்பிருவோம்" என்றாள் அக்கா. பிறகு சோறு பொங்கிவிட்டதா என்று பார்க்க எழுந்து போனாள்.

அடுத்த ஆண்டு அத்தான் போய்விட்டார். தேவி வந்து சேர்ந்த பிறகுதான் எடுத்தோம்.

அக்கா இப்போது மகளோடு ஜொகூரில் இருக்கிறாள். சிலிபின் வீட்டை விற்றாயிற்று. லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. போன மாதம்தான் முதன்முறையாக ஈப்போவில் ஓட்டலில் அறை எடுத்தேன். அங்கே வரவேற்பில் இருந்த தமிழ்ப் பெண், "எத்தன நாளு தங்குவீங்க அண்ணே?" என்று கேட்டாள்.

அந்த ஊரில் அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.