பழைய கோயில் வாசல் இருந்த இடம்

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் பேயைப் பார்க்காத ஆள் நான் ஒருத்திதான். ஃபாக்டரிக்குப் பின்னால் வெள்ளைச் சேலை, ஓடைப் பாலத்தில் தொப்பி போட்ட துரை என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள், நான் கல்லறைத் தோட்டம் வழியாகத் தனியாக விறகு சுமந்து வருவேன், ஒன்றையும் கண்டதில்லை, கண்டேன் என்று சொன்னவர்களையும் நம்பினதில்லை. எனக்குப் பயமெல்லாம் மனுஷர்களோடு பேசுவதில்தான். எதிரே யாராவது வந்து நலம் விசாரித்தால்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இதை இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை. நம்ம கோயில் எப்படி எழும்பியது என்று கோயில் மலருக்கு நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், அதை எழுதப் போனால் இதை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை. படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி.

மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் வேதக்காரர்களான எங்களுக்கு முதலில் கோயில் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகை ஒன்றைத் துரை விட்டுக்கொடுத்தார், அதுதான் கோயில். பலகைச் சுவர், தகரக் கூரை. கொட்டகையின் வாசல் ஃபாக்டரி ரோட்டைப் பார்த்து இருந்ததால் பீடத்தை எதிர்க் கோடியில் வைத்தார்கள். மழை பெய்தால் சாமியார் வைக்கிற பிரசங்கத்தில் ஒரு சொல் காதில் விழாது, தகரத்தில் அப்படி அடிக்கும்.

ஐம்பதுகளில் ஜனம் பெருகி, பெரிய கோயில் கட்டத் தீர்மானமானது. ஆனால் ஒரு ஞாயிறுகூடப் பூசை நிற்கக் கூடாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழ்நாட்டிலிருந்து வந்த மேஸ்திரி அதற்கு வழி சொன்னார். பழைய கோயிலை இடிக்காமல் அதைச் சுற்றியே புதுக் கோயிலின் சுவரை எழுப்பி, ஓடும் போட்டு முடித்த பிறகு, உள்ளே இருக்கிற கொட்டகையைப் பிரித்து வாசல் வழியாக வெளியே எடுத்துவிடலாம் என்றார். அப்படியே செய்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடையிலிருந்து ஆளுக்கொரு கல் தூக்கிவந்து போடுவது முறை. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற அடித்தளம் முழுக்க அந்தக் கல்தான்.

இன்னொன்று. புது ரோடு மறுபக்கம் வந்துவிட்டதால் புதுக் கோயிலின் முகத்தைத் திருப்பிவிட்டார்கள். பழைய பீடத்துக்குப் பின்னால் புது வாசல் வந்தது, பழைய வாசல் இருந்த இடத்தில் புதுப் பீடம். கட்டி முடிகிற வரைக்கும் நாங்கள் புது வாசலில் நுழைந்து, பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் போகிற ஈரச் சந்தில் சுற்றிக்கொண்டு போய், பழைய வாசல் வழியாகப் பூசைக்கு நுழைவோம். கோயிலுக்குள் ஒரு கோயில்.

அந்தப் பழைய வாசலை ஒட்டி, பெண்கள் பக்கம், பலகைச் சுவரோரம் கடைசி இடம் என்னுடையது. யார் கண்ணிலும் படாத இடம். எனக்கு அடுத்த இடம் புஷ்பத்துடையது. அப்பா அம்மா போய், அண்ணனும் போடிக்குப் போன பிறகு நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்தேன், ஒரே நிரையில் கொழுந்து எடுப்போம், அவளுக்கும் வேறு யாரும் இல்லை. கங்காணி என்னைத் திட்டினால் பதில் அவள் சொல்லுவாள். கடையில் எனக்கு வேண்டியதை அவள் கேட்பாள். கோயிலுக்கு மட்டும் எப்போதும் பிந்தித்தான் வருவாள், வந்ததும் இடுப்பால் என்னை ஒரு இடி.

"ஏட்டி, தள்ளு. கோயில ஒங்கப்பன் ஒன் பேருக்கு எழுதி வச்சிட்டா போனாரு?"

கல் தூக்கும்போதும் பெரிய கல்லாகப் பார்த்துத்தான் எடுப்பாள். "சின்னக் கல்லு வேணாம்ட்டி, மேல மோட்சத்துல சம்மனசுங்க பாத்துச் சிரிக்கும்" என்பாள்.

கூரைக்கு ஓடு ஏற்றிக்கொண்டிருந்த சமயம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு காலையில் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் பேசுகிற ஒரே பேச்சாக இருக்கும். வேறு பேச ஆள் இல்லை.

புதுக் கோயிலை ஆசீர்வதித்துத் திறக்கிற மந்திரிப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை, போடியிலிருந்து என் அண்ணன் வந்தான், என்னைக் கூட்டிக்கொண்டு போக.

"இங்க யாரு இருக்கா ஒனக்கு? ஒரு காய்ச்ச வந்தா வெந்நி வச்சுக் குடுக்க ஆளு உண்டா? நாளைக்கு லாரியிலயே எறங்கிருவோம். அண்ணி ஒன்னய நல்லாப் பாத்துக்கிடுவா."

அண்ணிக்கு இரண்டு மாடு, ஐந்து பிள்ளை. என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எஸ்டேட்டில் பேரை வெட்டிவிட்டால் பிறகு திரும்பி வரவும் முடியாது. ஆனாலும் அவன் கேட்டது சரிதானே, யார் இருக்கிறார்கள் எனக்கு? சரி என்று சொல்லி மூட்டையைக் கட்டிவிட்டேன்.

சாயங்காலம் பெண்களெல்லாம் சேர்ந்து கோயிலைக் கூட்டிக் கழுவினோம். கொட்டகை அதற்கு முன்பே போயாகிவிட்டது, பலகையும் தகரமும் புது வாசல் வழியாக வெளியே போனபோது எனக்கு என்னவோ சவப்பெட்டி தூக்கிப் போகிற மாதிரி இருந்தது. அது நின்ற தடம்கூட இல்லாமல் சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள். மற்றவர்கள் கிளம்பினார்கள், நான் பீடத்தின் முன்னால் இருக்கிற மரக் கிராதித் தடுப்பைத் துடைக்க நின்றேன். வெளிச்சம் இருந்தது. மழை பிடித்தது. மேலே ஓடு, அதற்குக் கீழே பலகை மச்சு, அதனால் மழைச் சத்தம் பக்கத்து மலையில் பெய்வதுபோலத்தான் கேட்டது.

கிராதியை ஒட்டி ஒரு எட்டு வைத்தேன். தலைக்கு மேல் தகரத்தில் மழை.

பின்னால் வந்தேன், ஓட்டு மழை. முன்னால் போனேன், தகர மழை. மேஸ்திரி ஒரு தகரத்தை மேலேயே விட்டுவிட்டாரோ என்று அண்ணாந்து பார்த்தேன், வார்னிஷ் வாசம் போகாத மச்சுப் பலகைதான் இருந்தது. சத்தம் எங்கே முடிகிறதோ அந்த ஓரமாகவே நடந்து பார்த்தேன். அது நேராகப் போகவில்லை, கோணலாகப் போனது. கொட்டகையும் புதுச் சுவருக்குக் கோணலாகத்தான் நின்றது. நம்புங்கள், அப்போது எனக்குப் பயமில்லை. வீட்டுக்குள் இருட்டில் நடப்பதுபோல மூலைக்கு மூலை நடந்தேன், பழைய வாசலுக்குப் பக்கம் வந்ததும் கால் தானாக மடங்கியது, என் இடத்தில் முழந்தாளிட்டேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, ஜெபம்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போயிருக்கும், இடுப்பில் ஒரு இடி விழுந்தது.

நான் யோசிக்கும் முன்னாலேயே என் உடம்பு தள்ளிக்கொடுத்துவிட்டது. அடுத்தாற்போல் ஒரு தோள் என் தோளில் வந்து சாய்ந்தது. நனைந்த கம்பளி வாசமும் அவள் போடுகிற புகையிலை வாசமும். திரும்பிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கோயிலில் பக்கத்தில் இருக்கிற நம் ஆளை யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? அதோடு, பார்த்து அங்கே வெறும் தரை இருந்தால் நான் என்ன செய்வது? பார்க்கவில்லை. அவள் போன பிறகு ஒரு மனித உடம்பு என்மேல் பட்டது அன்றைக்குத்தான்.

"யம்மா, என்ன இது?"

கோயில் மணி அடிக்கிற சூசைப் பெரியவர் புது வாசலில் நின்றார், சாயங்கால ஜெப மணி அடிக்க வந்தவர்.

"பீடத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நடுத் தரையில என்ன செய்யுற? இம்புட்டு எடம் கெடக்கு, எதுக்கு இப்பிடி ஒடுங்கிக்கிட்டு... நீ எதுல சாஞ்சிருக்க பிள்ள?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் பலகைச் சுவரில் சாய்ந்திருந்தேன். சுவரே இல்லாத இடத்தில், பாதி உடம்பு சரிந்து, விழாமல். அவர் கேட்டு முடிக்கவும் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் போய் விழுந்தேன். தகரச் சத்தம் நின்றுவிட்டது. முழங்கையில் அன்று பட்ட காயத்தின் தழும்பு இன்றும் இருக்கிறது. அவர் மணி அடிக்கப் போய்விட்டார், கடைசி வரை அதைப் பற்றி என்னிடம் பேசவுமில்லை.

வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்தேன். அண்ணன் வாயைப் பிளந்தான்.

"நான் வரல."

"ஏன்? எவனாச்சும் போகாதன்னு சொன்னானா? இங்க யாரு இருக்கான்னு கேக்கேன்ல்ல!"

"ஆளு இருக்கு" என்றேன். வாழ்நாளில் அவனை நான் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். லாரி அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கியது.

மந்திரிப்பு அன்று ஒரு வேடிக்கை நடந்தது. கோயில் திரும்பிவிட்டதை மறந்து பெண்களெல்லாம் பழைய பழக்கத்தில் பழைய பக்கமே போய் உட்கார்ந்துவிட்டார்கள். மற்றக் கோயில்களில் பெண்கள் இடப்பக்கம், எங்கள் கோயிலில் மட்டும் இன்றைக்கும் வலப்பக்கம். புதிதாக வருகிற சாமியார்கள் மாற்றிப் பார்ப்பார்கள், யாரும் கேட்பதில்லை. அதனால் என் இடமும் எனக்கே இருக்கிறது, ஆனால் கடைசி இடமாக இருந்தது இப்போது எல்லார் கண்ணும் படுகிற கிராதியோரம். எனக்கு அது கூச்சம்தான், இருந்தாலும் அங்கேதான் இருக்கிறேன்.

பூசையில் நன்மை வாங்க, அந்தத் திவ்விய அப்பத்துக்கு, ஜனம் கிராதி நெடுக நெருக்கியடித்து முழந்தாளிடும், எனக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் இடம் காலியாக விழும். நான் யாரையும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை, பெருநாள் கூட்டத்தில்கூட ஒருவரும் அங்கே வருவதில்லை. சாமியார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வருவார், எனக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காலி இடத்துக்கு வந்ததும் அப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நொடி நிற்பார், பிறகு அடுத்த ஆளுக்குப் போவார். எத்தனையோ சாமியார்கள் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவரும் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிறு வந்தவர் புதுச் சாமியார், அவருக்கு எங்கள் பேர்கூடத் தெரியாது. நல்ல மழை. அவரும் நின்றார். நின்றவர் என்னைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிறவளுக்கு இடம் விடு என்பதுபோல மெதுவாகத் தலையை அசைத்தார்.

நான் தள்ளிக்கொண்டேன்.